சபைக்கு முதுகு காட்டிய ஆட்டம்

1. மேளம் நின்றது

மேளம் மறுபடியும் நின்றுவிட்டது.

சவுண்ட் மிக்சரில் இருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தேன். மணல் முற்றத்தின் நடுவில் கும்பா இடுப்பில் கைவைத்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். இடப்பக்க மூலையில் மேளக்காரர்கள் குச்சிகளைத் தொங்கப் போட்டுவிட்டு நின்றார்கள். அவர்களில் மூத்தவரான மூசா என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. சரிவராது என்று அர்த்தம்.

"மொனிட்டரைக் கூட்டட்டோ?" என்று என் ஓட்டைப் பிரெஞ்சில் கேட்டேன். மொனிட்டர் என்பது வாசிக்கிறவர்களின் பக்கம் திருப்பி வைக்கிற ஸ்பீக்கர் பெட்டி. தங்கள் சத்தம் தங்களுக்கே கேட்காவிட்டால் எந்த வாத்தியக்காரரும் தடுமாறுவார். மேளம் நின்றால் சவுண்ட்காரருக்கு முதல் சந்தேகம் அதில்தான்.

"கேக்குது மதாம். வடிவாக் கேக்குது," என்றார் மூசா. அவர் பேசியது பிரெஞ்சுதான். என் காதுக்குள் போய் எப்படி விழுந்ததோ அப்படியே எங்கள் பேச்சில் எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத எனக்கு வராது.

"கேக்குதெண்டா ஏன் நிக்குது?"

அவர் தோளைக் குலுக்கினார். கும்பா என்னைப் பார்க்காமல் மணலைப் பார்த்தபடி, "நாளைக்குக் காலமை பாக்க வாற ஆக்கள் வந்திடுவினம்," என்றாள்.

2. நானும் என் பெட்டிகளும்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் சிலர் என்னிடம், "அன்ரி, நீங்கள் எப்பிடிப் பழகினீங்கள்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மொன்றியலில் எங்கள் ஆட்களின் கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா, மாதா கோயில் பெருநாள், அரங்கேற்றம் எல்லாவற்றுக்கும் சவுண்ட் பிடிக்கிறது நாங்கள்தான். வான் ஓட்டுவதும் பெட்டி தூக்குவதும் என் கணவர். மிக்சரில் நிற்பது நான். ஆனாலும் மண்டபத்துக்குள் வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய்த்தான், "அண்ணை எங்க? கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கோ," என்பார்கள். முந்தி கோபம் வரும். இப்போதெல்லாம், "அண்ணை வான்ல நித்திரை, என்னெண்டு சொல்லுங்கோ," என்று கேட்டு நானே குறைத்துவிடுவேன்.

எல்லா மேடைக்கும் எனக்கு ஒரே ஒழுங்குதான். ஆடுகிறவர் நடுவில், முகம் சபையைப் பார்த்தபடி. பக்கப்பாட்டும் நட்டுவாங்கமும் மிருதங்கமும் மேடையின் ஒரு ஓரம். அவர்களுக்கு முன்னால் இரண்டு மொனிட்டர். மிருதங்கம் சிவா மட்டும் எப்போதும் கழுத்தை நீட்டி ஒரு பக்கம் சரிந்து இருந்துதான் வாசிப்பார். பாவம், அந்த மனிசனுக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பு நோவாக்கும் என்று ஒருமுறை நல்ல தைலம்கூட வாங்கிக் கொடுத்தேன்.

கும்பா எங்களுக்கு அறிமுகமானது கார்டெரி என்கிற ஒரு பிள்ளைக் காப்பகத்தால். பகலில் அவள் அங்கே பிள்ளைகளைப் பார்க்கிறவள். அங்கே பிள்ளையை விடுகிற எங்கள் ஆள் ஒருத்திதான் என் நம்பரைக் கொடுத்திருந்தாள். சொந்த நாடு செனகல். அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் ஒரு பழைய சரக்குக் கொட்டிலை வாடகைக்கு எடுத்து, அதற்குள் தங்கள் ஊர் வீடுகளையும் ஆட்டத்தையும் காட்டுகிற நிலையம் ஒன்று தொடங்கியிருந்தாள். ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், மெர்சி சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வரும்படி வாடகைக்குப் போதவில்லை. கொட்டில்காரர் அந்த இடத்தை ஒரு உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கொடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு வழிதான் மிச்சம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சுற்றுலா ஒழுங்குசெய்கிற அலுவலகத்தில் இருந்து இரண்டு பேர் சனிக்கிழமை பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் செப்டெம்பரில் இருந்து பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் வருவார்கள், நிலையம் தப்பும். பிடிக்காவிட்டால் வீடுகளைப் பிரிக்க வேண்டியதுதான். "பிரிச்சு எங்க கொண்டுபோய் வைக்கிறது? நான் இருக்கிறது ரெண்டறை அப்பார்ட்மென்ட்," என்று கும்பா ஃபோனில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

3. வாசல் தட்டி

வெள்ளிக்கிழமை பின்னேரம் சாமான்களோடு போய் இறங்கினோம். வெளியில் பார்க்க டயர் கடை மாதிரி இருக்கும் கட்டடம். உள்ளே போனதும் என் கணவர், "என்னப்பா இது!" என்று அப்படியே நின்றுவிட்டார்.

நிலம் முழுக்க மணல். நாணல் மாதிரியான காய்ந்த தண்டுகளை வரிந்து கட்டிய ஆளுயர வேலி. அதற்குள் வட்ட வட்டமாகப் புல் வேய்ந்த வீடுகள். எல்லா வீட்டு வாசலும் நடுமுற்றத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. தெருவைப் பார்த்து ஒரு வாசலும் இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது. இது யாருடைய வீடு, அது எதற்கு, சமையல் எங்கே, பெரியவர் எதில் படுப்பார் என்று கேட்டுக்கொண்டே போனேன். கும்பாவும் சலிக்காமல் சொன்னாள். குடும்பத் தலைவருக்கு ஒரு வீடு, ஒவ்வொரு மனைவிக்கும் தனித்தனி வீடு, கலியாணமாகாத இளந்தாரிகளுக்கு ஒன்று, தானியத்துக்கு ஒரு குடில்.

"மனுசிமாருக்குத் தனித்தனி வீடோ?" என் கணவரின் கண் விரிந்தது.

"உங்களுக்கு வான் இருக்குத்தானே, காணும்," என்றேன்.

நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்த்தேன். புது இடத்தில் நான் முதலில் செய்கிறது அதுதான். இந்த மாதிரிக் கொட்டிலில் சத்தம் தகரத்தில் மோதித் திரும்பி வந்து காதை அடைக்க வேண்டும். இங்கே தட்டின சத்தம் தட்டின இடத்திலேயே முடிந்தது. மணலும் புல்லும் குடித்துவிட்டன. இவ்வளவு நல்ல சவுண்ட் உள்ள மண்டபம் எங்கள் ஆட்களுக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. ஆனால் வயர் ஒட்டுகிற டேப் மணலில் ஒட்டுமா? ஒட்டாது. வெறுங்காலோடு ஆடுகிற இடத்தில் வயர் கிடக்கவும் கூடாது. எல்லா வயரையும் வேலியின் மேலால் கொண்டுபோய்க் கட்டி முடிக்க என் இடுப்பு கழன்றுவிட்டது.

அந்த அலுவலுக்குள் என் கணவர் ஒரு வேலை பார்த்தார். வேலியின் வாசலுக்கு நேரே, ஓரிரு அடி உள்ளே தள்ளி, தனியாக ஒரு தட்டி நின்றது. அதைச் சுற்றித்தான் உள்ளே வர வேண்டும். பெட்டித் தள்ளுவண்டி திரும்பவில்லை என்று அவர் அதைத் தூக்கிச் சுவரோரம் சாத்திவிட்டார். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. வருகிறவர்களுக்கு வாசலில் நின்றபடியே எல்லாம் நேரே தெரியுமே.

கும்பா கண்டதும் ஓடிவந்தாள். "ஐயோ, அதை எடுக்கக் கூடாது!"

"ஏன், மறைக்குதெல்லோ?"

"மறைக்கத்தானே வச்சிருக்கு. ரோட்டால போறவையெல்லாம் எங்கட முத்தத்தைப் பாக்கத் தேவையில்லை. பாக்க விருப்பமெண்டா சுத்தி உள்ளுக்கு வரட்டும்."

தட்டியை அவளே தூக்கிப் பழைய இடத்தில் நட்டாள். என் கணவர், "சொறி, சொறி," என்று மன்னிப்புக் கேட்டபடி மணலை மிதித்து இறுக்கிக் கொடுத்தார். நான் தலையாட்டினேனே தவிர, அவள் சொன்னது என் மண்டைக்குள் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் அடுத்த தொல்லை வந்திராது.

அடுத்ததாகக் கதிரைகள். முற்றத்தின் ஒரு பக்கம் நேர்வரிசையாகப் போட்டேன். மேளக்காரரை இடப்பக்க மூலைக்கு அனுப்பினேன். அவர்களுக்கு முன்னால் மொனிட்டர், பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர். கும்பாவுக்கு நடு முற்றம்.

"நீ இஞ்ச நிண்டு அவையைப் பாத்து ஆடு. அப்பத்தான் முகம் தெரியும்," என்றேன்.

அவள் ஒருகணம் மூசாவைப் பார்த்தாள். "உங்களுக்குத்தானே மேடை தெரியும்," என்று ஒத்துக்கொண்டாள். அதுவரை அவள் தன் ஆட்களுக்கு நடுவில்தான் ஆடியிருந்தாள். வருகிறவர்களுக்குத் தியேட்டர் மாதிரி இருந்தால்தான் மதிப்பு என்று அவளுக்கும் ஒரு எண்ணம்.

அதற்குப் பிறகுதான் மேளம் நிற்கத் தொடங்கியது.

4. நான் இல்லாவிட்டால்

அந்த மேளங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெட்டையும் குட்டையுமாக ஒரே மரத்தில் குடைந்தவை. ஒரு கையில் மெல்லிய குச்சி, மற்றக் கை வெறுங்கை. குச்சி விழும்போது வெடிச்சத்தம், கை விழும்போது அடிவயிற்றில் இருந்து வருகிற சத்தம். இரண்டையும் பிடிக்க மைக்கை மாற்றி மாற்றி வைத்தேன். ஸ்பீக்கர் கூவுகிற ஃபீட்பேக் இல்லை, இரைச்சல் இல்லை. மிக்சரில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஆட்டம் சூடு பிடிக்கிற இடத்தில் மேளம் தடக்கி நின்றுவிடும். கும்பா காலைத் தூக்குவாள், அது இறங்கும்போது அடி விழாது. பிந்தி விழும்.

மொனிட்டரைக் கூட்டினேன், குறைத்தேன், இடம் மாற்றினேன். என் கணவர் வந்து, "இஞ்சேரும், பெட்டியில பிழையில்லை. ஆக்களைக் கேளும்," என்றார்.

அவர் சொல்கிறதை நான் உடனே கேட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு வேறு போக்கிடமும் இல்லை. மிக்சரை விட்டு எழும்பிப் போய்க் கும்பாவிடம் கேட்டேன்.

"நானும் இந்தப் பெட்டியளும் இல்லையெண்டா நீங்கள் எப்பிடி ஆடுவியள்?"

அவள் மூசாவைப் பார்த்தாள். மூசாவின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பைக் கண்டேன். மேளத்தைத் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள். மூலையை விட்டு வந்து, பெரிய வீட்டின் முன்னால், நடுவில் வரிசையாக நின்றார்கள். கும்பா எங்கள் பக்கம் வந்து என் கணவருக்குப் பக்கத்தில் சும்மா ஒரு ஆளாக நின்றாள். மேளம் தொடங்கியது. அவள் நின்றாள், நின்றாள், திடீரென்று சேலை மாதிரிச் சுற்றியிருந்த துணியின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு மேளக்காரரை நோக்கி ஓடினாள். மூசாவுக்கு நேரே, கை எட்டுகிற தூரத்தில் நின்று ஆடினாள். மேளம் நிற்கவில்லை. தடக்கவும் இல்லை. அவள் முழங்கால் மேலே போனபோதே குச்சியும் மேலே போனது, இரண்டும் ஒன்றாக இறங்கின.

"அட கடவுளே," என்றார் என் கணவர், "எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டெல்லோ ஆடுறா!"

மேடையில் ஏறுகிற பிள்ளைக்கு எங்கள் ஆட்கள் முதலில் சொல்லிக் கொடுப்பதே சபைக்கு முதுகு காட்டாதே என்றுதான். பரிசு வாங்கிய பிள்ளைகூடப் பின்னால் பின்னால் நடந்து இறங்கும். எனக்கும் அது இரத்தத்தில் ஊறினது. ஒருவரும் கேட்காமலே கும்பாவைப் பிடித்துக் கதிரைகளின் பக்கம் திருப்பிவிட்டது அந்தப் பழக்கம்தான்.

மூசாவிடம் போனேன். "என்னட்ட முதலே சொல்லியிருக்கலாம்தானே?"

"நீங்கள் கேக்குதோ கேக்குதோ எண்டுதானே கேட்டியள் மதாம். கேட்டது. எனக்கு அவளின்ர கால் தெரியேல்ல. உங்கட பெட்டி மறைச்சுக்கொண்டு நிண்டது."

"ஆட்டம் முதலே பழகி வச்சதில்லையோ? இந்த அடிக்கு இந்தக் கால் எண்டு?"

"இல்லை. அடுத்தது என்ன செய்யிறது எண்டு அவளுக்கே அந்த நேரத்திலதான் தெரியும். அவள் செய்யிறதைப் பாத்துத்தான் நான் அடிக்கிறனான்."

எங்கள் நடனத்தில் ஜதி முந்தியே தீர்மானம். நட்டுவனார் சொல்லச் சொல்லப் பிள்ளை ஆடும். இங்கே ஆடுகிறவள் முன்னால் போக, மேளம் பின்னால் ஓடுகிறது. எனக்கு இன்னும் ஆயிரம் கேள்வி இருந்தது. ஆனால் கும்பாவின் முகம் வேறு மாதிரி இருந்தது.

"இப்பிடி ஆடினா நாளைக்கு அவை என்ர முதுகைத்தான் பாப்பினம்," என்றாள். "மரியாதை தெரியாத சனம் எண்டு நினைச்சா? பள்ளிக்கூடக்காரர், அக்கா. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாறவை."

எனக்கும் அதே பயம்தான். பொய் சொல்லித் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. "திருப்பி மூலையில விடட்டோ? நீ சொல்லு. உன்ர வீடு," என்றேன்.

அவள் வாசல் தட்டியைப் பார்த்தாள். "வேண்டாம்," என்றாள். "பெட்டியளை எடுங்கோ."

மொனிட்டர் போனது, ஸ்பீக்கர் போனது, மேளத்து மைக் எல்லாம் போனது. அவள் வரவேற்புச் சொல்ல ஒரே ஒரு மைக்கும் ஒரு சின்னப் பெட்டியும் மிச்சம். என் கணவர் எல்லாவற்றையும் திரும்ப வானில் ஏற்றிவிட்டு வந்து வியர்வையைத் துடைத்தார். "ஒரு மைக்குக்கு ஒரு வான் சாமான்! கெட்டிக்காரிதான் நீர்."

கதிரைகளை மட்டும் நான் எடுக்கவில்லை. பெரிய மனிதர்கள் வருகிறார்கள், எங்கே இருத்துவது?

5. சனிக்கிழமை

வந்தது ஒரு பெண்ணும் ஒரு இளைஞரும். பெண்ணுக்கு நரைமுடி, இறுகிய வாய். எங்கள் ஆட்கள் பார்த்தால் பிரின்சிப்பல் என்று சொல்லிவிடுவார்கள். அவர் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. நான் மனதுக்குள் பிரின்சிப்பல் என்றே வைத்துக்கொண்டேன். தட்டியைச் சுற்றி உள்ளே வந்தவர், திரும்பித் தட்டியைப் பார்த்து, இது எதற்கு என்று கும்பாவிடம் கேட்டார். கும்பா சொன்னாள். பதிலுக்கு வெறும் "ம்". வீடுகளுக்குள் குனிந்து போய் வந்தார். முன்வரிசையில் நடுக்கதிரையில் இருந்து கையைக் கட்டிக்கொண்டார். இளைஞர் பக்கத்தில் இருந்து ஃபோனை நோண்டினார். பின்வரிசைகளில் கும்பாவின் ஆட்கள் கொஞ்சப் பேர்.

மேளம் தொடங்கியது. கும்பா ஓரத்தில் இருந்து ஓடினாள், மூசாவுக்கு முன்னால் நின்றாள், எங்களுக்கு முதுகு. நான் பிரின்சிப்பலின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மேளம் ஏறியது. அவர் கழுத்தை இந்தப் பக்கம் நீட்டினார், அந்தப் பக்கம் நீட்டினார். பிறகு கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார்.

"போகப்போறா," என்று என் கணவர் என் கையைப் பிடித்தார். என் புத்தி எங்கே போனது, ஒரு மொனிட்டரையாவது விட்டு ஒரு சமாளிப்புச் செய்திருக்கலாமே என்று என்னையே திட்டினேன். கும்பாவுக்கு இது ஒன்றும் தெரியாது. அவள் முதுகுதானே எங்கள் பக்கம்.

பிரின்சிப்பல் வாசலுக்குப் போகவில்லை. வேலியோரமாகவே நடந்து, வீடுகளைச் சுற்றி, மேளக்காரரின் பக்கம் போய் மூசாவின் தோளுக்கருகில் நின்றார். அங்கே நின்று கும்பாவின் கால்களைப் பார்த்தார். மூசாவின் கண்களைப் பார்த்தார். திரும்பவும் கால்களைப் பார்த்தார். அவருடைய விரல்கள் கைப்பையில் தாளம் போட்டன. இளைஞர் ஃபோனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் ஓடினார். கும்பாவின் ஆட்களும் எழும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம். என் நேர்வரிசைக் கதிரைகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன.

நிகழ்ச்சி நடக்கும்போது சவுண்ட்காரர் மிக்சரை விட்டு நகரக் கூடாது. அது எங்கள் தொழிலில் வேதம். நான் அதுவரை ஒருநாளும் நகர்ந்ததில்லை. அன்றைக்கு நகர்ந்தேன். போய் வட்டத்தில் நின்றேன். அப்போதுதான் கும்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் மூசாவைச் சீண்டிக்கொண்டிருந்தாள். இதைப் பிடி பார்ப்போம் என்கிற சிரிப்பு. மூசா பிடித்தார். அவள் இன்னொன்றைப் போட்டாள். அதையும் பிடித்தார். ஒருமுறை அவர் தவறவிட, முழு வட்டமும் "ஓ!" என்று கத்தியது. அதில் பிரின்சிப்பலின் குரலும் இருந்தது.

முடிந்ததும் அவர் கும்பாவிடம் போனார். நான் வயர் சுற்றுகிற சாட்டில் பக்கத்திலேயே நின்றேன்.

"பிள்ளையள் வரேக்க அந்தக் கதிரையள் வேண்டாம்," என்றார். "அவை ஓடித்திரிஞ்சு பாக்கட்டும். செப்டெம்பர் முதல் கிழமையே தொடங்கலாமோ?"

கும்பா அந்தத் துணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஓம்" என்ற சத்தம் துணிக்குள்ளால்தான் வந்தது. பிறகு என்னைக் கட்டிப்பிடித்தாள். ஆடி வியர்த்த உடம்பு, என் உடுப்பு முழுக்க நனைந்து மணலும் ஒட்டிவிட்டது. என் கணவர் கதிரைகளை மடிக்கத் தொடங்கினார். அன்றைக்கு அவர் ஒரு பகிடியும் விடவில்லை.

6. மிருதங்கம் சிவா

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மைக் எங்கே வைப்பது என்று பிறகு பார்க்கலாம். முதலில் வாசிக்கிறவரின் இடத்தில் போய் இருங்கள். அவர் வாசிக்கும்போது யாரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அங்கே இருந்து அந்த ஆள் தெரிகிறாரா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். நான் இதைப் படிக்கக் கார்ட்டியர்வில்லில் ஒரு மணல் முற்றம் வரை போக வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் புரோசார்டில் ஒரு அரங்கேற்றம். வழக்கம்போல மேடை ஓரத்தில் எல்லாம் வைத்து முடித்தேன். சிவா இன்னும் வந்திருக்கவில்லை. அவருடைய விரிப்பில் போய்ச் சப்பணமிட்டு இருந்து பார்த்தேன். எனக்கு முன்னால் என் மொனிட்டர். அதற்கு மேலால் நடுமேடையில் பயிற்சி பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையின் தலை தெரிந்தது, இடுப்பு தெரிந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கறுப்புப் பெட்டிதான். காலைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை நீட்டி ஒரு பக்கம் சரிய வேண்டும். சரிந்தும் பார்த்தேன்.

எழும்பிப் பெட்டியை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தேன். சிவா வந்து இருந்தார், சுருதி பார்த்தார். நிகழ்ச்சி முடியும்வரை அந்த மனிசன் நேரே நிமிர்ந்து இருந்து வாசித்தார்.

முடிந்ததும் போய், "நாரி நோவு எப்பிடி, தம்பி?" என்று கேட்டேன்.

அவர் மிருதங்கத்தை உறைக்குள் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு எப்ப அக்கா நாரி நோவு இருந்தது?"